போர்க்கப்பலின் தபாற்குறியும் வரலாற்றுச் சான்றும்

வரலாற்று மாணவர் சான்றுகள் எனக் கொள்பவை பெரும்பாலும் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், அரசாங்க ஆவணம் என்பனவே. முத்திரை சேகரிப்போரின் தொகுப்புகளில் உறங்கும் கடித உறைகளை அவ்வரிசையில் வைத்து நோக்குவோர் மிகச் சிலர். அவ்வாறு புறக்கணிக்கப்பட்டவற்றுள் ஐக்கிய அமெரிக்கப் போர்க்கப்பல்களின் தபாற்குறி தாங்கிய உறைகளும் அடங்கும். இவற்றுட் பல, உள்ளே கடிதமெதுவுமின்றி, குறியைப் பெறுவதற்கென்றே அனுப்பப்பட்டவை. வேண்டுமென்றே உருவாக்கப்பட்ட வெற்றுறை வரலாற்றுச் சான்றாகுமா என்பது ஆராயத்தக்கதாகும்.

1908ஆம் ஆண்டு மே 27ஆம் திகதி நிறைவேறிய சட்டமொன்று, அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் தபால் எழுதுவினைஞரை நியமிக்க வழிவகுத்தது. இதனாற் கப்பல் தனக்கெனத் தபாற்கந்தோரையும் தன் பெயர் பொறித்த குறியையும் பெறலாயிற்று. அவ்வேளையில், சனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற் 1907 டிசெம்பரில் அனுப்பிவைத்த பதினாறு போர்க்கப்பல்களைக் கொண்ட வெள்ளைப் பெருங்கடற்படை உலகை வலம்வந்து கொண்டிருந்தது. 1908 டிசெம்பர் 13 முதல் 20 வரை அது கொழும்புத் துறைமுகத்திலும் தங்கியது. வல்லரசாக வளர்ந்துவந்த ஒரு நாடு தன் வலிமையை உலகுக்குக் காட்டிய காலமும், அதன் கப்பல்கள் தம் பெயரைக் கடித உறைகளிற் பொறிக்கத் தொடங்கிய காலமும் ஒன்றாயமைந்தமை கருதத்தக்கது.

1930களில் இவ்வுறைகளைச் சேகரிப்பது ஒரு பெரும் பொழுதுபோக்காக வளர்ந்தது. கப்பற் குறிகளைச் சேகரிப்போருக்கென 1932இல் அமெரிக்காவில் தனிச் சங்கமொன்று தோன்றியது. அடுத்த ஆண்டு சனாதிபதியான பிராங்கிளின் ரூஸ்வெல்ற் தாமே முத்திரை சேகரிப்பவர்; முன்னர் கடற்படைத் துணைச் செயலாளராகவும் பணியாற்றியவர். சேகரிப்போர் தம் முகவரியெழுதி, மூன்று சத முத்திரை ஒட்டிய உறையைக் கப்பலின் தபால் எழுதுவினைஞருக்கு அனுப்புவர். குறித்த நாளில் அவர் குறியைக் குத்தித் திருப்பி அனுப்புவார். ஒக்ரோபர் 27ஆம் திகதியாகிய கடற்படை நாள், கப்பல் சேவையில் அமர்த்தப்படும் நாள் ஆகியவை இதற்கு உகந்த தருணங்களாயின.

இத்தகைய உறையில் இரண்டு குரல்கள் ஒலிக்கின்றன. இடப்புறத்திலுள்ள அலங்காரச் சித்திரம் சேகரிப்போர் நினைவுகூர விரும்பியதைக் கூறும். வலப்புறத்திலுள்ள தபாற்குறி கப்பலின் நிலையைக் கூறும். கப்பலொன்று நீரில் இறக்கப்படும் நாளில் அதற்குத் தபாற்கந்தோர் இல்லை. எனவே அந்நாளின் உறையிற் கரையிலுள்ள ஊரின் குறியே காணப்படும். சேவையில் அமர்த்தப்பட்ட பின்னரே கப்பல் தன் பெயரால் குறியிடும். மேலும், அக்காலக் குறிகள் பலவற்றிற் கோடுகளுக்கிடையே கப்பல் நின்ற துறைமுகத்தின் பெயரும் இடம்பெற்றது. ஆகவே ஒரு கப்பலின் உறைகளைத் திகதிவாரியாக அடுக்கின் அதன் பயணப்பாதை ஓரளவு புலப்படும். எனினும் குறியைக் குத்துவது மனிதக் கையாதலால், திகதியைக் கப்பலின் நாட்குறிப்போடு ஒப்பிட்டே ஏற்றல் வேண்டும்.

அரிசோனா என்னும் போர்க்கப்பல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1916 ஒக்ரோபர் 17இற் சேவையில் அமர்த்தப்பட்ட இக்கப்பல், 1930களிற் கலிபோர்னியாவின் சான் பெட்ரோவைத் தளமாகக் கொண்டிருந்தது. 1940இல் யப்பானைத் தடுக்கும் நோக்குடன் அமெரிக்கக் கடற்படையின் பிரதான அணி ஹவாயின் பேர்ள் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டது. 1941 டிசெம்பர் 7இல் யப்பானிய விமானங்கள் தாக்கியபோது அரிசோனா 1177 பேருடன் அழிந்தது. அதுவரை பொழுதுபோக்குப் பொருளாயிருந்த அதன் உறைகள் நினைவுச் சின்னங்களாயின. சேகரிப்போர் பொழுதுபோக்காகத் திருப்பிப் பெற்ற உறைகளில், பின்னர் மாண்டோர் பலர் பணியாற்றிய கப்பலின் பெயர் நிலைத்துவிட்டது.

போர் மூண்டதும் கடற்படை தன் தபாற்குறிகளிலிருந்து கப்பல்களின் பெயர்களை நீக்கியது. எந்தக் கப்பலிலிருந்து வந்த கடிதமாயினும் கடற்படையின் பொதுப்பெயரை மட்டுமே தாங்கியது. தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இதுவே தக்க விடையாகும். பகைவன் கையிற் சிக்கினாற் கப்பலின் இருப்பை உணர்த்திவிடும் எனக் கடற்படையே அஞ்சிய ஒரு குறியை, வெறும் விளையாட்டுப் பொருளென வரலாற்று மாணவர் ஒதுக்குதல் பொருந்தாது. பெயர் பொறித்த உறைகள் கப்பல்களின் நடமாட்டத்தை உரைக்கின்றன. பெயரற்ற உறைகள் போர்க்காலத்தின் அச்சத்தை உரைக்கின்றன. இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கும்போதே ஒரு காலப்பகுதியின் வரலாறு முழுமையாக விளங்கும்.