ஒலேனா பித்ருஷ்னா

ஒலேனா பித்ருஷ்னா (பிறப்பு: 9 ஜனவரி 1987) உக்ரைனின் முன்னாள் பயத்லான் வீராங்கனை. 2013 உலக சாம்பியன். 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற மகளிர் தொடரோட்ட அணியின் கடைசி ஓட்டக்காரர். பனிச்சறுக்கு ஓட்டத்தையும் துப்பாக்கி சுடுதலையும் இணைத்த இந்த விளையாட்டில் அவருடைய தனிநபர் வெற்றிகள் குறைவு. பெயர் நிலைத்தது தொடரோட்டத்தில்தான்.

பிறந்தது போலந்தின் லெக்னிட்சாவில். சோவியத் படைகள் அப்போது முகாமிட்டிருந்த நகரம் அது. பிற்பாடு மேற்கு உக்ரைனின் தெர்னோபில் வட்டாரத்து வீராங்கனையாகவே அறியப்பட்டார். சோவியத் ஒன்றியம் கலைந்து தனி அணியாகப் போட்டியிடத் தொடங்கியபின் உக்ரைனுக்குக் குளிர்கால ஒலிம்பிக் பதக்கங்களைப் பெரும்பாலும் பயத்லான் பெண்களே கொண்டுவந்தனர். 1994இல் வாலன்தீனா செர்பே வெண்கலம், 1998இல் ஒலேனா பெத்ரோவா வெள்ளி, 2006இல் லிலியா எஃபிரெமோவா வெண்கலம். அதுவரை தங்கம் என்றால் 1994இல் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஒக்சானா பையுல் வென்ற ஒன்றுதான். இந்த வரிசையில் வந்த பித்ருஷ்னாவுக்கு 2010 வான்கூவர் முதல் ஒலிம்பிக்.

2013 பிப்ரவரியில் செக் குடியரசின் நோவே மெஸ்தோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் அவருடைய தனிநபர் வாழ்வின் உச்சம். 7.5 கி.மீ. ஸ்பிரின்ட் ஓட்டத்தில் இரண்டு முறை சுட வேண்டும். முதலில் படுத்துக்கொண்டு, 50 மீட்டர் தொலைவில் உள்ள 45 மில்லிமீட்டர் வட்டங்களை. அடுத்து நின்றபடி, 115 மில்லிமீட்டர் வட்டங்களை. ஒரு குண்டு தப்பினால் 150 மீட்டர் தண்டனைச் சுற்று. ஒவ்வொருவரும் தனித்தனியே இடைவெளி விட்டுப் புறப்படுவதால், எல்லைக்கோட்டைத் தாண்டியவருக்குக்கூடத் தாம் வென்றோமா என்பது உடனே தெரியாது; பின்னால் வருபவர்களின் நேரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் எல்லாரையும் ஆட்டிவைத்த நார்வேயின் தூரா பெர்கர் இரண்டாவதாக வந்தார்; பித்ருஷ்னாவுக்குத் தங்கம். மூன்றாம் இடம் உக்ரைன் அணியின் வீத்தா செமெரென்கோவுக்கு. அதே சாம்பியன்ஷிப்பில் துரத்தல் ஓட்டத்தில் வெண்கலமும் தொடரோட்டத்தில் வெள்ளியும் பித்ருஷ்னாவுக்குக் கிடைத்தன.

சோச்சி தொடரோட்டம் நடந்தது 2014 பிப்ரவரி 21ஆம் தேதி. அதற்கு முந்தைய மூன்று நாட்களில் உக்ரைன் தலைநகர் கீவின் மைதான் சதுக்கத்திலும் சுற்றிலும் அரசை எதிர்த்த போராட்டக்காரர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தனர். உக்ரைனிய வீரர்கள் கறுப்புப் பட்டை அணிய விரும்பினர், அது நடக்கவில்லை. சறுக்கு வீராங்கனை பொக்தானா மத்சோத்ஸ்கா போட்டியிலிருந்தே விலகிக்கொண்டார். பயத்லான் அணி களமிறங்கியது. எது சரி என்று வெளியிலிருந்து தீர்ப்பு சொல்வது எளிதல்ல.

ஆளுக்கு 6 கி.மீ. வீதம் நால்வர்: வீத்தா செமெரென்கோ, யூலியா ஜீமா, வீத்தாவின் இரட்டைச் சகோதரி வாலியா, கடைசியாகப் பித்ருஷ்னா. தொடரோட்டத்தில் ஒவ்வொரு முறை சுடும்போதும் ஐந்து குண்டுகளோடு மூன்று உபரிக் குண்டுகள் உண்டு. ஆனால் அவற்றைக் குளிரில் விறைத்த விரல்களால் ஒவ்வொன்றாகத் துப்பாக்கியில் செருக வேண்டும். அந்த விநாடிகளில் முன்னிலை கரைந்துவிடும். கடைசி ஓட்டக்காரருக்கு இதில் இன்னொரு சுமை: மூவர் சேர்த்துக் கொடுத்ததை அவர் ஒருவரே இழந்துவிடலாம். பித்ருஷ்னா இழக்கவில்லை. ரஷ்ய மண்ணில், ரஷ்ய அணியை ஏறக்குறைய அரை நிமிடம் பின்தள்ளி உக்ரைன் வென்றது. இருபது ஆண்டுகளில் அந்நாட்டின் முதல் குளிர்கால ஒலிம்பிக் தங்கம் அது. அன்றைய செய்தியாளர் சந்திப்பில் கீவில் இறந்தவர்களுக்காக ஒரு நிமிட மௌனம் கடைப்பிடிக்கும்படி அவர் கேட்டுக்கொண்டார். கீவில் அதே நாளில் அதிபர் யானுகோவிச் எதிர்க்கட்சிகளுடன் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். இரவில் தலைநகரை விட்டு ஓடினார். இரண்டாம் இடம் வந்த ரஷ்ய அணியின் வெள்ளி பின்னாளில் ஊக்கமருந்து விவகாரத்தில் பறிக்கப்பட்டது.

புதிய அரசில் 2014இலேயே இளைஞர் நலன், விளையாட்டுத் துறையின் துணை அமைச்சர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. 2014–15 பருவம் முழுவதும் போட்டிகளில் இல்லை. ஓராண்டு விலகியவர்கள் பழைய வேகத்துக்குத் திரும்புவது பயத்லானில் எளிதல்ல. தனிநபர் ஓட்டங்களில் பித்ருஷ்னாவும் 2013இன் உயரத்தை மறுபடி தொடவில்லை. தொடரோட்டக் கதை வேறு. 2017 ஹோக்ஃபில்சன் உலக சாம்பியன்ஷிப்பில் இரினா வார்வினெத்ஸ், ஜீமா, அனஸ்தாசியா மெர்குஷினா ஆகியோருடன் வெள்ளி. 2020இல் இத்தாலியின் ஆன்தோல்ட்ஸிலும், 34 வயதில் 2021இல் ஸ்லோவேனியாவின் பொக்லியூக்காவிலும் வெண்கலம்.