பர்லியாரின் ஓட்டக்காரர்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் அனைவரும் மூன்று பெயர்களைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள்: பாதை வேண்டுமென்று ஆணையிட்ட சென்னை கவர்னர் லஷிங்டன், அதற்குத் தடம் வகுத்த லெப்டினென்ட் லெஹார்டி, பின்னாளில் வண்டிகள் ஏறத்தக்க புதிய சாலையை அமைத்த கர்னல் லா. கடைசியாகச் சொன்னவருடைய பெயர் பர்லியாருக்கும் குன்னூருக்கும் இடையே சாலையோரத்தில் விழும் அருவிக்கே சூட்டப்பட்டு இன்றளவும் வழங்கி வருகிறது. ஆனால் அந்தப் பாதை வண்டிக்கு உதவாத வெறும் நடைபாதையாக இருந்த நாற்பது ஆண்டுகளில், கோடையென்றும் மாரியென்றும் பாராமல், தோளிலே தபால் மூட்டையும் கையிலே சலங்கை கட்டிய ஈட்டியுமாக அதன்மீது ஓடி ஓடி அதை உயிரோடு வைத்திருந்த மனிதர்களின் பெயர் ஒன்றுகூட எந்த அருவிக்கும் எந்த வளைவுக்கும் இல்லை. பர்லியாரின் பழைய கதையை நான் அவர்களை முன்னிட்டே சொல்ல விரும்புகிறேன்.

சமவெளியின் ஓரத்தில் ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்திலிருக்கும் மேட்டுப்பாளையத்தையும், ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட குன்னூரையும் இணைக்கும் சரிவிலே, இரண்டாயிரத்தைந்நூறு அடிக்குச் சற்று மேலே, ஓடைகளும் பெருமரங்களும் சூழ்ந்த ஒரு மடிப்பில் அமைந்திருக்கிறது பர்லியார். கீழே கல்லாற்றின் கமுகந்தோப்புகளில் புழுங்கிய காற்று இங்கே வரும்போது ஈரமும் குளிர்ச்சியும் பெறுகிறது. மேலே குன்னூரின் தேயிலைச் சரிவுகளில் உறைக்கும் குளிர் இங்கே இன்னும் தொடங்கவில்லை. இருவாட்சியும் கருமந்தியும் மலையணிலும் வாழும் அடர்ந்த வனம் அது. யானைகள் பவானிப் பள்ளத்தாக்கின் இருபுறத்துக் காடுகளுக்கும் இடையே சென்று வரும் வலசைப் பாதையும் இதற்குக் கீழே கல்லாறு வழியாகத்தான் செல்கிறது.

கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் நீலகிரிக்கு முதன்முதலாக ஏறியபோது குன்னூர் வழி என்ற ஒன்றை வெள்ளைக்காரர் எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. சிறுமுகையிலிருந்து தேனாடு வழியாகக் கோத்தகிரிக்குச் சென்ற பாதையே முதலில் திருத்தப்பட்டது. உதகமண்டலத்தில் வீடுகள் எழும்பி, நோயாளிகளான பட்டாளத்து அதிகாரிகளும் கோடைக்கு அஞ்சிய உத்தியோகஸ்தர்களும் கூட்டங்கூட்டமாக வரத் தொடங்கிய பிறகுதான், 1830-ஆம் ஆண்டையொட்டி, பர்லியார் வழியாகக் குன்னூருக்குச் செல்லும் கணவாய்ப் பாதை சென்னைப் பயனீர் படையினரின் உழைப்பால் வெட்டப்பட்டது. தூரத்தைக் குறைத்த அந்தப் பாதை செங்குத்தைக் குறைக்கவில்லை. சில இடங்களில் ஐந்தடி முன்வைத்தால் ஓரடி உயர வேண்டியிருந்தது என்றால், பாரம் ஏற்றிய மாட்டுவண்டி அதில் எப்படி ஏறும்? மட்டக்குதிரையும் பொதிமாடும் மனிதனின் பாதமுமே அதற்கு ஏற்றவை. இவற்றுள் மனிதனின் பாதமே மலிவானது என்பதை அன்றைய ஆட்சி நன்கு அறிந்திருந்தது.

தபால் ஓட்டம் இந்தத் தேசத்துக்குப் புதிதல்ல. அரசர்கள் காலத்திலிருந்தே அஞ்சல் வைத்து ஓலை கொண்டு சென்ற மரபு இங்கே உண்டு. திருவிதாங்கூர் அரசின் அஞ்சல்காரன் மணி கட்டிய கோலுடன் ஓடிவரும்போது வழியிலுள்ளோர் ஒதுங்கி நின்ற வழக்கமும் பிரசித்தம். அந்த அஞ்சல் 1951-இல்தான் இந்தியத் தபாலோடு இணைந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் செய்ததெல்லாம் அந்த மரபை எடுத்துக் கடிகாரத்துக்குக் கட்டுப்படுத்தியதுதான். சில மைலுக்கு ஒரு மாற்று; ஒருவன் ஓடிக் களைத்த இடத்தில் மற்றொருவன் மூட்டையை வாங்கிக்கொண்டு ஓடுவான்; வந்த நேரமும் போன நேரமும் குறிக்கப்படும்; தாமதித்தால் கூலியில் பிடிப்பு. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் ஏறக்குறைய நடுவே, தண்ணீரும் நிழலும் ஒருங்கே வாய்த்திருந்த பர்லியாரைக் காட்டிலும் மூச்சு மாற்றிக்கொள்ளத் தகுந்த இடம் அந்தச் சரிவில் வேறில்லை.

சலங்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதை அலங்காரமென்று கருதுகிறவர்கள் உண்டு. வளைவுக்கு வளைவு முன்னால் இருப்பது தெரியாத காட்டுப்பாதையில், எதிரே யானை நின்றாலும் காட்டெருமை நின்றாலும், மனிதன் வருகிறான் என்ற செய்தி அவன் வருவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும்; திடுக்கிட்ட மிருகமே தாக்கும், தூரத்திலேயே சத்தம் கேட்ட மிருகம் பெரும்பாலும் விலகும் என்பது காட்டோரத்தில் வாழ்கிற எவரும் சொல்லக்கூடிய விஷயம். அடுத்த மாற்றில் காத்திருப்பவனை எழுப்புவதற்கும் அதே சலங்கைதான். இரவில் தீவட்டிக்காரன் ஒருவன் கூட ஓடுவதுண்டு. புலி பயம் மிகுந்த பிரதேசங்களில் தமுக்கு அடிப்பவனும் சேர்வான். ஈட்டிமுனை ஓட்டக்காரனுக்கு அளித்த பாதுகாப்பு மிகச் சொற்பம். கொடுத்தவர்களுக்கும் அது தெரியாமலா இருந்திருக்கும்?

மிருகங்களைவிடக் கொடியது காய்ச்சல். அடிவாரத்தில் இரவு தங்கலாகாது, வெயில் ஏறிய பிறகு புறப்பட்டு இருட்டுவதற்குள் உயரத்தை அடைந்துவிட வேண்டும் என்பது மலைக்கு வரும் துரைமார்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட எச்சரிக்கை. காட்டுப் பள்ளங்களிலிருந்து எழும் விஷக்காற்றே அந்த ஜுரத்துக்குக் காரணம் என்று அக்காலத்து வைத்தியர்கள் நம்பினார்கள். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை 1897-இல் செகந்திராபாத்தில் கண்டறிந்த ரொனால்ட் ராஸ், அதே ஆண்டு உதகைக்கு வந்து, மலையின் வடபுறத்திலுள்ள சீகூர் சரிவில் ஆராய்ச்சி செய்யச் சென்றபோது தாமே மலேரியாவுக்கு ஆளானார் என்பது வைத்திய சரித்திரத்தில் பதிவான செய்தி. காரணத்தை அறியாவிட்டாலும் அபாயத்தை அறிந்திருந்த துரைமார்கள் இரவைத் தவிர்த்தார்கள்; தபால் இரவைத் தவிர்க்கவில்லை. ஆகவே எந்த நேரத்தில் எவரும் அங்கே இருக்கக்கூடாது என்று எழுதி வைத்தார்களோ, அதே நேரத்தில் அந்த எழுத்தைச் சுமந்துகொண்டு ஒருவன் அங்கே ஓடிக்கொண்டிருந்தான்.

கடிதம் மட்டும் ஓடவில்லை. மனிதர்களும் மனிதர்களின் தோளில் ஓடினார்கள். 1834-ஆம் ஆண்டில் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு உடல்நலங்கருதி உதகையில் தங்கி அங்கிருந்தே இந்தியாவை ஆண்டார். அவரைச் சந்திக்க வந்த மெக்காலே சென்னையிலிருந்து ஏறத்தாழ நானூறு மைல் தூரத்தைப் பல்லக்குத் தூக்கும் போயிகளின் தோளிலேயே கடந்தார். அவர் ஏறியது மைசூர்ப் பக்கத்து வழி. ஆயினும் குன்னூர்க் கணவாயிலும் நிகழ்ந்தது இதுவேதான்: மஞ்சலிலோ நாற்காலியிலோ துரைசானி அமர்ந்திருக்க, முன்னும் பின்னும் போயிகள் ஒரே தாளத்தில் பாடிக்கொண்டு அரை ஓட்டமாக ஏறுவார்கள். பாட்டு நின்றால் தாளம் தவறும், தாளம் தவறினால் கால் தவறும்.

இதற்கு நேர்மாறான ஓட்டம் ஒன்று மலையின் உச்சியில் நடந்துகொண்டிருந்தது. உதகைக்கு மேற்கே, சோலைகளுக்கிடையே அலையலையாகப் பரந்து கிடக்கும் புல்வெளிகள் ஆங்கிலேயருக்குத் தங்கள் தாய்நாட்டின் புல்மேடுகளை நினைவூட்டின. நரி கிடைக்காத குறைக்குக் குள்ளநரியை விரட்டிக்கொண்டு வேட்டைநாய்களோடும் குதிரைகளோடும் அங்கே பாய்ந்து திரிந்தார்கள். அந்தப் புல்வெளிக்குப் பின்னாளில் வென்லாக் பிரபுவின் பெயரும் வந்தது. தோடர்களின் எருமை மேய்ந்த நிலத்தில் அது விளையாட்டு. பர்லியார்க் காட்டில் இது வயிற்றுப்பாடு. முன்னதைப் பற்றி எத்தனையோ நினைவுக் குறிப்புகளும் புத்தகங்களும் கிடைக்கின்றன.

1870-களின் தொடக்கத்தில் கர்னல் லாவின் சாலை திறந்து, 1873-இல் ரயில் மேட்டுப்பாளையத்தை எட்டியதும், டோங்கா வண்டிகள் பிரயாணிகளையும் தபாலையும் ஏற்றிக்கொண்டு பர்லியாரைக் கடந்தன. 1899-இல் பல்சக்கர ரயில் குன்னூரை அடைந்தது. 1908-இல் உதகையையும் தொட்டது. அந்த ரயில்பாதை கல்லாறு, ஆடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று வேறொரு வரிசையில் ஏறுவதால், தண்டவாளம் பர்லியாரைத் தொடவே இல்லை. இதனால் ஊர் மறைந்துவிடாமல் காத்தது பழத்தோட்டம்தான். கோயமுத்தூர் கலெக்டராயிருந்த தாமஸ் என்பவர் 1857-ஐ ஒட்டித் தம் சொந்த ஆர்வத்தில் தொடங்கிய அந்தத் தோட்டத்தை 1871-இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. மங்குஸ்தானும் ஜாதிக்காயும் கிராம்பும் துரியனும் அங்கே வேரூன்றின. குழந்தைப்பேற்றுக்கு உதவுமென்ற நம்பிக்கையால் துரியன் பழத்துக்கு இன்றும் அங்கே நல்ல கிராக்கி; அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கேட்டு வியாபாரியின் மனத்தை நோகச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

ஓட்டம் நின்றவுடன் பாதைக்கும் ஓர் எல்லை வந்தது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காடுகளை ஒதுக்குக் காடுகளாக்கி, அனுமதியின்றி நுழைவதைக் குற்றமாக்கியது. சட்டம் வருவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே தேனுக்கும் கிழங்குக்கும் அந்தச் சரிவுகளில் ஏறி இறங்கிய குறும்பர்களும் இருளர்களும் தங்கள் சொந்தத் தடங்களிலேயே அனுமதி கேட்க வேண்டியவர்களானார்கள். லெஹார்டி வகுத்த வழியும் லெஹார்டிக்கு முன்பு அவர்கள் அறியாத காட்டின் ஊடே சென்றதல்ல. 1986-இல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் நாட்டிலேயே முதலாவதாக அறிவிக்கப்பட்டபோது காட்டின் மதிப்பு உயர்ந்தது. அதன் நடைவழிகளைப் பற்றிய நினைவு உயரவில்லை. 1993 நவம்பரில் இதே சாலையிலுள்ள மரப்பாலத்தில் மலை சரிந்து சாலையையும் வாகனங்களையும் மனித உயிர்களையும் வாரிக்கொண்டு சென்றபோதும், 2009 நவம்பர் மழையில் மீண்டும் பல இடங்கள் இடிந்தபோதும், சக்கரத்தை மட்டும் நம்பிய ஒரு மலை எவ்வளவு எளிதில் துண்டுபட்டுப் போகும் என்பதை எல்லாரும் கண்டார்கள்.

ஓட்டக்காரரின் மரபு முழுவதும் அற்றுப்போயிற்று என்று எழுத நினைத்தால் ஒருவர் குறுக்கே வந்து நிற்கிறார். குன்னூரிலிருந்து ஹில்குரோவ் முதலிய குடியிருப்புகளுக்கு, ரயில்பாதையின் குகைகளையும் பாலங்களையும் காட்டையும் கடந்து, நாள்தோறும் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நடந்தே கடிதமும் முதியோர் உதவித்தொகையும் கொண்டு சேர்த்த தபால்காரர் ஒருவர் 2020-இல்தான் ஓய்வு பெற்றார். யானையும் கரடியும் அவரை விரட்டியதுண்டு. 1854-இல் அரையணாத் தபால்தலை ஒட்டிய கடிதத்தைச் சுமந்தவனுக்கும் அவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஈட்டி ஒன்றுதான் என்று சொன்னால் அது மிகையாகாது.

இங்கிலாந்தின் கிராஸ்மியர் போன்ற மலையூர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மலையோட்டம் பந்தயமாகிவிட்டது. நம் நாட்டிலும் இப்போது காலணியும் கைக்கடிகாரமும் பூண்ட இளைஞர்கள் காட்டுத்தடங்களில் ஓட விழைகிறார்கள். தமிழக வனத்துறையும் 2024-இல் நீலகிரியின் கெய்ர்ன் ஹில், லாங்வுட் சோலை உட்பட நாற்பது மலையேற்றத் தடங்களை வழிகாட்டியுடன் திறந்திருக்கிறது. பர்லியாரின் சரிவில் கால் வைக்க விரும்புகிறவர்கள் வனத்துறையின் அனுமதியைப் பெற்று, வழியறிந்த உள்ளூர்க்காரர் ஒருவருடன், பொழுது நன்றாக விடிந்த பிறகே புறப்பட வேண்டும். காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு ஓடலாகாது, ஏனெனில் கல்லாற்றுப் பக்கத்தில் யானைகளுக்கு இன்றும் முன்னுரிமை உண்டு. தபால் இலாகாவுக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் ஒரு விண்ணப்பம்: லா துரைக்கு ஓர் அருவி இருக்கிறது, பெயர் தெரியாத அந்த ஓட்டக்காரர்களுக்காகப் பர்லியார் சோதனைச் சாவடியின் அருகே ஒரு கல்லாவது நாட்டுங்கள்.