உலோகத்தில் எஞ்சும் துகள்: சிவகாசி வட்டாரத்தில் ஈர பிளாஸ்டிங்குக்கான கிரிட் தேர்வு

பட்டாசு ஆலை விபத்துச் செய்திகள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தோடு முடிந்துவிடுகின்றன: மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடித்தது. எதோடு எது உராய்ந்தது என்பது செய்தியில் வருவதில்லை. கலவையை அள்ளிய கரண்டியா, சலித்த சல்லடையா, குழாய்க்குள் மருந்தை இறுக்கிய கோலா, அல்லது அந்தக் கருவியின் மேற்பரப்பில் ஏற்கெனவே பதிந்திருந்த வேறொரு பொருளா? கடைசியாகச் சொன்ன சாத்தியத்தைப் பற்றியே இங்கே பேசப்போகிறேன். பேச எடுத்துக்கொண்ட தொழில்நுட்பம் ஈர பிளாஸ்டிங்.

நீரும், கிரிட் எனப்படும் துலக்கும் துகள்களும் கலந்த குழம்பைப் பம்பு மூலம் துப்பாக்கிக்கு ஏற்றி, அழுத்தக் காற்றால் வேகம் கொடுத்து உலோகத்தின் மேல் பீய்ச்சுவது இந்த முறை. துரு, பழைய பெயின்ட், எண்ணெய்ப் பிசுக்கு, கரி எல்லாம் ஒருசேரப் போகும், தூசி கிளம்பாது. சிவகாசி உள்ள விருதுநகர் மாவட்டத்தில் இப்படித் துலக்க வேண்டிய உலோகத்துக்குக் குறைவில்லை. பழைய ஆஃப்செட் இயந்திரங்களின் உருளைத் தாங்கிகளும் பற்சக்கரங்களும் இருக்கின்றன. ராஜபாளையத்து நூற்பாலைகளின் உதிரிபாகங்கள், அட்டை வெட்டும் டைகள், தீப்பெட்டி இயந்திரத்தின் சட்டங்கள் உண்டு. பட்டாசு ஆலைகளின் பித்தளை, அலுமினியக் கருவிகளும் உண்டு. ஒரே பட்டறை இவை அனைத்துக்கும் வேலை செய்யக்கூடிய ஊர் சிவகாசி. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

கிரிட் விற்பவரின் அட்டவணை எங்கும் ஒரே வரிசையில் இருக்கும்: கடினத்தன்மை, மெஷ் எனப்படும் சல்லடை அளவு, துகளின் வடிவம், எத்தனை சுற்று தாங்கும், கிலோ என்ன விலை. பொதுவான எந்திரப் பட்டறைக்கு அது போதும். சிவகாசி வட்டாரத்துக்கு அந்த வரிசை தலைகீழாக வேண்டும் என்பது என் வாதம். பாகம் இங்கிருந்து அடுத்து எந்த அறைக்குப் போகிறது, அதன் மேல் என்ன எஞ்சியிருக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகே கடினத்தையும் மெஷ்ஷையும் பார்க்க வேண்டும்.

அட்டவணையின் தர்க்கத்தை முதலில் ஒப்புக்கொள்வோம். ஒரே வேகத்தில் வரும் துகளின் தாக்கம் அதன் எடையைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் எடை எட்டில் ஒரு பங்காகிறது. ஒரு கிலோவில் உள்ள துகள்களின் எண்ணிக்கை எட்டு மடங்காகிறது. ஆகவே பருத்த கிரிட் ஆழமாகக் கொத்தும், நுண்ணிய கிரிட் மெல்ல, ஆனால் சீராகத் துலக்கும். 80 மெஷ் துகள் ஏறத்தாழ 180 மைக்ரான். 220 என்றால் 65 மைக்ரான் அளவு. இவ்வளவு நுண்ணிய பொடியை உலர்ந்த காற்றில் அனுப்பினால் குழாயில் கட்டிதட்டும். நீரோடு சேர்ந்தால் சிக்கலின்றி ஓடும். ஈர முறையின் உண்மையான ஆதாயம் தூசி அடங்குவது மட்டுமன்று, இந்த நுண்மையைப் பயன்படுத்த முடிவதும்தான். உலோகத்தின் மேல் படரும் நீர்ப்படலம் அடியை மெத்தென்று வாங்கிக்கொள்வதால் துகள் பதிவதும் உலர் முறையைவிடக் குறைகிறது. குறைகிறதே தவிர, நின்றுவிடுவதில்லை. கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் பித்தளையும் செம்பும் 3 அளவில் நிற்கின்றன, அலுமினியம் இன்னும் சற்றுக் கீழே. கண்ணாடி 5.5க்கு மேல், கார்னெட் 7க்கு மேல், குருந்தம் எனப்படும் அலுமினியம் ஆக்சைடு 9. இத்தகைய இடைவெளியில் உடைந்த துகளின் முனை மென்மையான உலோகத்துக்குள் குத்தி நிற்பது இயல்பு.

இது சிவகாசிக்குப் புதிய பாடமன்று. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் லேபிள் அச்சிட வந்த லித்தோ தொழில், ஈரக் கிரிட்டை ஜெட்டாக அடிக்காமல் வேறு விதமாகப் பயன்படுத்தியது. துத்தநாக, அலுமினியத் தகடுகளை அச்சுக்குத் தயார்செய்யக் கிரெய்னிங் இயந்திரம் இருந்தது. அகன்ற தொட்டியின் அடியில் தகட்டை இறுக்கி, அதன் மேல் கோலிக்குண்டுகளைப் பரப்பி, நீரும் கிரிட்டும் ஊற்றித் தொட்டியை வட்டமாக ஆட்டுவார்கள். குண்டுகள் உருண்டு கிரிட்டைத் தகட்டில் அழுத்த, பழைய படம் அழியும்; தகடு முழுதும் நுண்ணிய சொரசொரப்பு பிறக்கும். அந்தச் சொரசொரப்புதான் அச்சின்போது நீரைப் பிடித்து வைத்து, மை படக்கூடாத இடத்தில் படாமல் காக்கிறது.

அங்கே கிரிட் தேர்வு எப்படி நடந்தது என்பது நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும். பருத்த கிரிட் கொடுத்த ஆழமான பரப்பு நீரை நிறையப் பிடித்தது, ஆனால் நுண்ணிய புள்ளிகள் உடைந்தன. நுண்ணிய கிரிட்டில் புள்ளி நின்றது, நீர்ச் சமநிலை தவறினால் தகடு உடனே அழுக்கேறியது. கெட்டி நிறப் பட்டைகள் கொண்ட லேபிளுக்கும், முகச்சாயல் நுணுக்கம் வேண்டிய தெய்வப்படக் காலண்டருக்கும் ஒரே பரப்பு உதவாது. ஆக, தகடு அடுத்துச் செய்யப்போகும் வேலைதான் கிரிட்டை முடிவுசெய்தது. இதைவிட முக்கியமானது அடுத்த படி. கிரெய்னிங் முடிந்த தகட்டை நீரடித்துக் கழுவி, பிறகு நீர்த்த அமிலத்தில் குளிப்பாட்டினார்கள். துகளோ சேறோ ஆக்சைடோ ஒரு பொட்டு தங்கினாலும் அந்த இடத்தில் படம் பிடிக்காது, அல்லது மை பிடித்துக்கொள்ளும். எஞ்சியது அச்சிட்ட தாளில் கரும்புள்ளியாகத் தெரிந்துவிடும். பிழையைத் தாளே காட்டிக்கொடுத்த தொழில் அது. அதனால்தான் கழுவும் ஒழுங்கு தானே வந்தது. முன்கூட்டியே ஒளியுணர் பூச்சிட்ட தகடுகள் பரவி, மின்வேதி முறையில் சொரசொரப்பாக்கிய அலுமினியம் வந்தபின் கோலிக்குண்டுத் தொட்டிக்கு வேலையில்லாமல் போயிற்று. தொட்டியோடு அந்த ஒழுங்கும் போனது நட்டம்.

பட்டாசு ஆலைக் கருவியில் எஞ்சிய துகள் தாளில் தெரிவதில்லை. கலவைக்குள் போகிறது.

வெடிபொருளில் துகள் என்ன செய்கிறது என்பதைக் கேம்பிரிட்ஜில் பவுடனும் கர்ட்டனும் ஆராய்ந்து 1949இல் வெளியிட்டார்கள். பலவகைத் துகள்களை வெடிபொருளோடு கலந்து உராய்த்தும் தாக்கியும் பார்த்ததில் அவர்கள் கண்டது எதிர்பார்ப்புக்கு மாறானது: எளிதில் வெடிக்கச் செய்வதில் துகளின் கடினத்தைவிட உருகுநிலைக்கே தீர்மானகரமான பங்கு. உராயும் புள்ளியின் வெப்பம், உராய்பவற்றில் எது முந்தி உருகுமோ அதன் உருகுநிலையைத் தாண்டி ஏற முடியாது, உருகினால் வழுக்கல்தான். வெடிபொருளுக்கு ஏற்ப ஏறத்தாழ 400 முதல் 550 பாகை செல்சியஸுக்கு மேல் உருகும் துகள்கள் உணர்திறனைக் கூட்டின. அதற்குக் கீழே உருகியவை அவ்வளவாகக் கூட்டவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டவை இராணுவ வகை வெடிபொருள்கள். ஆக்சிஜனேற்றியும் அலுமினியப் பொடியும் கந்தகமும் சேர்ந்த பட்டாசுக் கலவைக்கு அந்த எண்களை அப்படியே கொண்டுவர முடியாது. காரணத்தைக் கொண்டுவரலாம்: வெப்பம் ஒரு புள்ளியில் குவிய, உருகாத ஒரு முனை வேண்டும்.

இந்த அளவுகோலால் பார்த்தால் கிரிட் அட்டவணை வேறு முகம் காட்டுகிறது. குருந்தம் 2,000 பாகைக்கு மேல் உருகுவது. கார்னெட்டும் குவார்ட்ஸும் ஆயிரத்துக்கு மேல். கண்ணாடி இளகவே பல நூறு பாகை வேண்டும். எல்லாம் ஆபத்தான பக்கம். சோடியம் பைகார்பனேட், அதாவது சமையல் சோடா, 200 பாகைக்குள்ளேயே சிதைந்துவிடுகிறது. அதற்கு முன்பே நீரில் கரைந்து போயிருக்கும்.

கண்ணாடி மணியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் எல்லோரும் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். உருண்டை வடிவம், வெட்டாது, பளபளப்பு கொடுக்கும், பாகத்தின் அளவு மாறாது. எல்லாம் உண்மை. ஆனால் அடிபட்ட மணி உடைகிறது. உடைந்ததும் அது கூர்மையான கண்ணாடித் தூள். சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் தீக்குச்சித் தலை மருந்திலும் பெட்டியின் பக்கப் பூச்சிலும் கண்ணாடித் தூளை வேண்டுமென்றே சேர்ப்பது எதற்காக? உரசினால் பற்ற வேண்டும் என்பதற்காக. தீப்பெட்டிக்காரர் விலைகொடுத்து வாங்கிச் சேர்க்கும் அதே பொருளைப் பட்டாசுக்காரர் சுத்தம் என்ற பெயரில் தன் கரண்டியில் ஏற்றிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அச்சு இயந்திரத்தின் பாகத்துக்குக் கண்ணாடி மணி நல்ல தேர்வு. மருந்து அறைக்குப் போகும் எதற்கும் கூடாது.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரக்கூடும். ஈர முறையில் நீரே எல்லாவற்றையும் அடித்துப் போய்விடுகிறதே என்பது முதலாவது. ஒட்டியிருப்பதை நீர் கொண்டுபோகும்; குத்தி நிற்பதைக் கொண்டுபோகாது. துப்பாக்கியில் வரும் நீரும் தொட்டியில் சுற்றிச் சுற்றி வரும் குழம்புதான், தெளிநீர் அன்று. கடைசிக் கழுவலைத் தனி நீரில் செய்து, காய்ந்த பரப்பில் ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தால், பிடி தளர்ந்த துகள் தெரிந்துவிடும். குத்தி நின்றதை அந்த நாடாவும் பெயர்க்காது. இரண்டாவது மறுப்பு வலுவானது: மருந்துக் கருவியை யார் பிளாஸ்டிங்குக்கு அனுப்புகிறார்கள், ஈரத் துணியால் துடைத்தால் போதாதா? பெரும்பாலும் போதும் என்பதே என் பதிலும். தீப்பொறி தராத பித்தளை, செம்பு, மரக் கருவிகளை வற்புறுத்தும் விதிகளின் நோக்கம், அந்தக் கருவியில் கண்ணாடித் துணுக்கு பதிந்திருந்தால் பாதி வீணாகிறது. துடைத்துத் தீராத கறை ஏறிய டைகளும் தட்டுகளும் உண்டு. அவற்றுக்குத்தான் கிரிட் என்ற கேள்வியே எழுகிறது.

அப்படி அனுப்பும்போது முதல் வேலை கிரிட் அன்று, ஊறவைப்பது. பொட்டாசியம் நைட்ரேட் அறைவெப்ப நீரில் 100 மில்லிக்கு 30 கிராமுக்கு மேல் கரையும். பேரியம் நைட்ரேட் சுமார் 9 கிராம். பொட்டாசியம் பெர்குளோரேட் 2 கிராமுக்கும் கீழே. ஒரு வாளி நீரில் முக்கி எடுத்த கருவியில் நைட்ரேட் போயிருக்கும், பெர்குளோரேட் தங்கியிருக்கலாம். கந்தகமும் அலுமினியமும் கரையவே கரையா. மருந்துப் படிவு இருக்கும் பாகத்தின் மேல் எந்தத் துகளை எவ்வளவு நீரோடு அடித்தாலும் அது உராய்வுச் சோதனைதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகக் கடக்கலாம். ஆற்று மணல் எதற்கும் கூடாது. பிளாஸ்டிங்கில் மணலைப் பிரிட்டன் விதியாகவே தடைசெய்தது 1949இல். சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் நம் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்க வேண்டிய நோயாக இடம்பெற்றிருந்தது. ஈரமாக அடித்தால் தூசி இல்லை என்று சமாதானம் சொல்வோர், தரையில் சிந்திய குழம்பு பங்குனி வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்து துடைப்பத்தோடு மேலே எழுவதை நினைக்க வேண்டும். எஃகுக் கிரிட் நீரில் துருவேறும். அலுமினியத்தில் பதிந்த துரு, அடிபட்டால் மிகச் சூடான பொறி தரும் இணை. கார்னெட் எஃகு டைகளுக்கும் இயந்திரச் சட்டங்களுக்கும் நல்லது: கனமானது, தனிச் சிலிக்கா குறைவு. பக்கத்துத் தூத்துக்குடி, திருநெல்வேலிக் கடற்கரைகள் அதற்குப் பேர்போனவை என்றாலும், 2013இல் தமிழக அரசு தாதுமணல் எடுப்பை நிறுத்தியபின் அருகில் கிடைக்கிறது என்பதை ஒரு காரணமாகச் சொல்ல முடியாது. வாதுமை ஓடு, தேங்காய்ச் சிரட்டைத் தூள் போன்றவை மென்மையானவை, பொறி தராதவை, ஆனால் எரிபொருள். நீரில் ஊறி அழுகுவதால் ஈர இயந்திரத்துக்கும் ஒவ்வா.

மிஞ்சுவது சோடா. மருந்தைத் தொடும் பித்தளைப் பாகத்துக்கு நான் பரிந்துரைப்பது அதுதான். தடித்த துருவை எடுக்காது, சொரசொரப்பும் தராது, ஒருமுறைக்குமேல் பயன்படாது, ஆகவே செலவு. குழம்பைச் சுற்றிவிடும் வழக்கமான இயந்திரத்தில் கரைந்தே போய்விடும். உலர் சோடாவை நீர்த்தாரையில் சேர்க்கும் தனித் துப்பாக்கி வேண்டும். அலுமினியத்தின் மேல் அதன் காரத்தன்மை நீண்ட நேரம் தங்கவிடக் கூடாது. ஆனால் கழுவினால் ஒன்றும் எஞ்சாது. இந்த ஒரு குணத்துக்காக மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நீரும் ஒரு தேர்வுதான் என்பதை மறந்துவிடுகிறோம். மாவட்டத்தின் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பும் கடுமையும் கொண்டது. துலக்கிய எஃகு அதில் நனைந்து காய்வதற்குள் செம்மை பூத்துவிடும். அதைத் தடுக்கக் குழம்பில் துருத்தடுப்பான் சேர்ப்பது வழக்கம். அவற்றில் பல நைட்ரைட் வகை. நைட்ரைட் ஓர் ஆக்சிஜனேற்றி, அம்மோனியம் உப்புகளோடு சேர்ந்தால் நிலையற்ற சேர்மத்தைத் தரும். அச்சு இயந்திரப் பாகத்தில் அது பாதுகாப்பு, பட்டாசுக் கருவியில் அது இன்னொரு எச்சம். அலுமினியப் பாகங்களை அடிக்கும் தொட்டியில் வேறொரு தொல்லை: உரிந்த நுண்ணிய அலுமினியம் நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் விடும். மழையில் நனைந்த அலுமினியப் பொடி சூடேறுவதை அறிந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொட்டியை மூடிப் பூட்டக் கூடாது. அடியில் படியும் சேற்றை மூடிய டிரம்மில் அடைத்து வைக்கவும் கூடாது.

பட்டாசுக் கலவைகளின் வெப்ப, மோதல் உணர்திறனைச் சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்து ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். அதே சோதனைகளை, கண்ணாடி மணித் தூளும் கார்னெட்டும் சோடாவும் தெரிந்த அளவில் கலந்த மாதிரிகளில் சிவகாசியிலுள்ள பட்டாசு ஆராய்ச்சி, மேம்பாட்டு மையம் செய்து பார்த்தால், நான் காரணத்தின் வழியே சொன்னதை எண்களால் உறுதிப்படுத்தலாம், அல்லது மறுக்கலாம். அதுவரை ஒரு விதி போதும்: மருந்து அறைக்குப் போகும் பாகமும் மற்றப் பாகமும் ஒரே பிளாஸ்டிங் இயந்திரத்துக்குள் போகக் கூடாது. இரண்டாவது இயந்திரம் வாங்க வசதியில்லாத ஆலை தன் கருவிகளை வெளிப்பட்டறைக்கு அனுப்பாமல், வெந்நீரில் ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, அதிலும் போகாத கறையேறிய கரண்டியைப் பழைய பித்தளையாக எடைக்குப் போட்டுவிடலாம்.