தேடுசொல்லும் சொல்வரலாறும்

சி. கு. மகுதூம் சாயபுவை ஆசிரியராகக் கொண்டு 1887இல் தோன்றிய 'சிங்கை நேசன்' 1890 வரை வெளிவந்தது. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' இன்றும் வெளிவருகிறது. சிங்கப்பூர்த் தமிழரின் வரலாற்றை ஆராய்வோர்க்கு இவ்விரண்டும் முதன்மைச் சான்றுகள். முன்பு இத்தகைய பழைய இதழ்களைக் காண விழைந்தவர் நுண்படச் சுருள்களை நாள்கணக்கில் சுழற்றினார். இன்றோ, தேசிய நூலக மின்தளத்தில் ஒரு சொல்லை இட்டாற் போதும் என மாணவர் எண்ணுகின்றனர். அந்தச் சொல் எது என்பதே இவ்வுரையின் பொருள்.

முதற் சிக்கல் எழுத்துப்பெயர்ப்பு. நூலகப் பட்டியல்கள் தமிழ் நூற்பெயர்களை நெடுங்காலம் ரோமன் எழுத்திற் பதிந்து வந்தன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறை ஒலிப்பை நோக்காது எழுத்தையே நோக்குவது. ஆதலின், சகரம் எங்கு வரினும் ஆங்கில நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்தாலேயே குறிக்கப்படும். செவிவழி கேட்டவாறு 'எஸ்' என்று தொடங்குவோர்க்குச் 'சிங்கை நேசன்' அகப்படாமற் போகலாம்.

இரண்டாவது, சொல்லின் வடிவம். தமிழ்ப் பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கையில் உருத்திரிகிறது. 'நாடு' எனத் தேடினால் 'நாட்டில்' வாராது. 'மரம்', 'மரத்தில்' இரண்டும் வேண்டுமென்று 'மர' என நிறுத்தினால் மரபும் மரணமும் உடன்வரும். திரிந்த வடிவங்களைத் தனித்தனியே இட்டுத் தேடுவதே தக்கது.

மூன்றாவதே மிக ஆழமானது. அது சொல்லாட்சியின் வரலாறு. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் செல்வாக்கால் பொதுவழக்குப் படிப்படியாக மாறிற்று. இன்று நாம் சொற்பொழிவு என்பது அன்று பிரசங்கம், பல்கலைக்கழகம் சர்வகலாசாலை, மொழி பாஷை. பொதுமக்கள் கூடிப் படித்த இடத்தை வாசகசாலை என்றனர். 1930களின் தமிழர் படிப்பு வாழ்க்கையை 'நூலகம்' என்ற ஒரு சொல்லால் மட்டும் தேடுபவர், அக்காலத் தமிழர் படிக்கவே இல்லையோ என்னும் தவறான முடிவுக்கு வரக்கூடும்.

இடப்பெயர்களும் இவ்வாறே. லிட்டில் இந்தியாவின் சந்தையைத் தமிழர் தேக்கா என்பர். மூங்கிற்புதரைச் சுட்டும் ஹொக்கியன் வழக்கிலிருந்து வந்த பெயர் அது. அதன் மலாய்ப் பெயர் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத்தொழுவம். 1982இல் இடம்மாறியபோது அது சூஜியாவ் நிலையமாயிற்று. 2000இல் மீண்டும் தேக்கா நிலையமாயிற்று. ஆங்கில இதழ்களில் இச்சந்தையின் வரலாற்றைத் தொகுக்க விரும்புவோர் மூன்று பெயர்களாலும் தேடுதல் வேண்டும்.

ஆகவே, ஆய்வைத் தொடங்கும் மாணவர் முதலில் தம் பொருளுக்குரிய பழஞ்சொற்களைப் பட்டியலிடுக. அவ்வாண்டுகளின் இதழ்களிற் சில பக்கங்களையேனும் முழுமையாகப் படித்தால் அச்சொற்கள் தாமே புலப்படும். ஒரு கட்டுரை கிடைத்ததும் அதிற் பயிலும் சொற்களைக் கொண்டு மீண்டும் தேடுக. மின்தளம் 'முடிவு ஏதுமில்லை' என்று காட்டுவது, நாம் இட்ட சொல் அங்கில்லை என்பதற்கே சான்று. நம் முன்னோர் அதைப் பற்றி எழுதவில்லை என்பதற்குச் சான்றாகாது. இவ்வேறுபாட்டை மறப்பின், எழுதிவைக்கப்பட்ட வரலாற்றையே நாம் இல்லையென்று எழுதிவிடுவோம்.