வீடு வீடாக, பெயர் பெயராக

தமிழில் பன்மைக்கு 'கள்' போட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். தெருவுக்கு வந்து பார்த்தால் யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. "நாலு ஆள் வந்தாங்க", "பத்து மாம்பழம் குடுங்க" என்கிறோம். எண் வந்துவிட்டால் பெயர்ச்சொல் ஒருமையிலேயே நின்றுவிடுகிறது. எண்ணே தெரியாதபோது இன்னொரு வழி இருக்கு: வீடு வீடாக, ஊர் ஊராக, மூட்டை மூட்டையாக. சொல்லைத் திரும்பச் சொன்னாலே 'பல' என்று ஆகிவிடும்.

எக்ஸ்எம்எல் கோப்பு பன்மையைச் சொல்வதும் பெரும்பாலும் இப்படித்தான்.

<நூல்>
  <தலைப்பு>தில்லைக் கலம்பகம்</தலைப்பு>
  <புலவர்>முதுசூரியர்</புலவர்>
  <புலவர்>இளஞ்சூரியர்</புலவர்>
</நூல்>

'புலவர்கள்' என்று எங்கேயும் எழுதவில்லை. 'புலவர்' இரண்டு தடவை வருகிறது, அவ்வளவுதான். (டேக்கைத் தமிழில் எழுதலாமா என்று கேட்கிறீர்களா? தாராளமாக. 1998இல் வந்த முதல் விதியிலேயே தமிழ் எழுத்துகளுக்கு இடம் இருந்தது.) இந்த இருவரையும் இரட்டைப் புலவர் என்கிறோம். ஒருவருக்குக் கண் தெரியாது, இன்னொருவருக்குக் கால் நடக்காது. ஒருவர் மற்றவரைத் தோளில் சுமந்து போனார், ஒருவர் தொடங்கிய பாட்டை மற்றவர் முடித்தார் என்பது வழிவழியாக வரும் கதை. இந்தக் கோப்பைப் படிக்கிற புரோகிராம் ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? நூல் பட்டியல்களைப் படித்து அடுக்குகிற புரோகிராம்கள் எழுதுவதுதான் எனக்குப் பிழைப்பு. அதனால் இந்தக் கேள்வி எனக்குக் கதையாகத் தெரிவதில்லை.

இரண்டாவது பெயர் காணாமல் போவது கம்ப்யூட்டர் கொண்டுவந்த வியாதியும் இல்லை. நூலக அட்டையில் இடம் கொஞ்சம்தான். 1978இல் வெளியான ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் இரண்டாம் பதிப்பு, மூன்று பேருக்கு மேல் சேர்ந்து எழுதிய நூலில் முதல் பெயரை மட்டும் எழுதி, மற்றவர்களை 'பிறர்' என்று முடித்துவிடச் சொன்னது. நூலகர்கள் இதை 'மூவர் விதி' என்பார்கள். நான்கு பேர் சேர்ந்து உழைத்த புத்தகத்தில் மூன்று பேர் 'பிறர்' ஆனார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஹென்றியெட் அவ்ரம் 1960களில் உருவாக்கிய மார்க் வடிவம் அட்டையைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனது. அட்டையின் பழக்கமும் கூடவே போனது. முதன்மை ஆசிரியருக்கான 100ஆம் புலம் ஒரு பதிவில் ஒருமுறைதான் வரலாம். கூட எழுதியவர்கள் 700ஆம் புலத்துக்குப் போக வேண்டும். அது எத்தனை முறையும் வரலாம். 2010இல் வெளியான ஆர்டிஏ விதிகள் வந்த பிறகுதான் மூவர் விதி கட்டாயம் இல்லை என்று ஆனது.

இதே காலத்தில் வேறொரு கிளையும் வளர்ந்தது. 1969இல் ஐபிஎம்மில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி மூவரும் ஒரு குறிமொழியை உருவாக்கினார்கள். ஜிஎம்எல் என்ற அதன் பெயரில் மூவருடைய முதலெழுத்தும் இருக்கிறது. பெயர் பறிபோகாமல் இருக்க இதைவிட நல்ல வழி கிடையாது! கோல்ட்ஃபார்ப் வழக்கறிஞராக இருந்தவர். சட்ட அலுவலகக் கோப்புகளை நிர்வகிக்கும் திட்டத்துக்காகத்தான் இந்த வேலையே தொடங்கியது. அது வளர்ந்து 1986இல் எஸ்ஜிஎம்எல் என்ற உலகத் தரமானது. அதை எளிமையாக்கி 1998 பிப்ரவரி 10 அன்று வந்ததுதான் எக்ஸ்எம்எல். அதன் பதிப்பாசிரியர்களில் ஒருவரான ஸ்பெர்பெர்க்-மெக்குவீன், இலக்கியப் பிரதிகளைக் கம்ப்யூட்டரில் குறியிடும் டிஇஐ திட்டத்தின் ஆசிரியராகவும் இருந்தவர். செய்யுளும் நாடகமும் கடிதமும் இந்த வடிவத்துக்கு அந்நியமாக இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

'எத்தனை முறை வரலாம்' என்பதைச் சொல்ல இந்த மொழிகள் மூன்று குறிகளை வைத்துக்கொண்டன. கேள்விக்குறி போட்டால் இல்லாமலும் இருக்கலாம், இருந்தால் ஒன்றுதான். கூட்டல் குறி என்றால் குறைந்தது ஒன்று. நட்சத்திரம் என்றால் பூஜ்ஜியத்திலிருந்து எத்தனை வேண்டுமானாலும். அந்த நட்சத்திரம் கணிதவியலாளர் ஸ்டீபன் க்ளீனி 1950களில் கொடுத்தது. மூவர் விதியின் பக்கத்தில் இந்த நட்சத்திரத்தை வைத்துப் பாருங்கள். மூன்றோடு நிறுத்து என்று அட்டை சொன்னது. எத்தனை பேர் என்றாலும் வரட்டும் என்கிறது இது.

ஆனால் கோப்பில் எல்லாப் பெயரும் இருந்தால் போதுமா? படிக்கிறவன் ஒழுங்காகப் படிக்கணுமே. 1998 மே மாதம் வந்த சாக்ஸ் என்ற முறையில், பார்சர் கோப்பை வரிசையாக வாசித்து "புலவர் தொடங்குகிறது", "எழுத்து வருகிறது", "புலவர் முடிகிறது" என்று அறிவித்துக்கொண்டே போகும். எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. வருகிற பெயரை ஒரே பெட்டியில் போட்டுக்கொண்டே போனால், இரண்டாவது வந்ததும் முதலாவது அழிந்துபோகும். இளஞ்சூரியர் மட்டும் மிஞ்சுவார். அதே ஆண்டு அக்டோபரில் தரமான டாம், கோப்பு முழுவதையும் மரமாக நினைவில் வைத்துக்கொண்டது. டேக் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒன்றே இருந்தாலும் பட்டியலாகத்தான் தரும். பைத்தானின் எலிமெண்ட்ட்ரீயில் 'ஃபைண்ட்' என்று கேட்டால் முதலாவது மட்டும் கிடைக்கும், இங்கே முதுசூரியர் மிஞ்சுவார். 'ஃபைண்ட்ஆல்' என்று கேட்டால்தான் இருவரும் வருவார்கள்.

பிறகு வந்த சில லைப்ரரிகள் உதவி செய்வதாக நினைத்து ஒரு காரியம் செய்தன. டேக் பலமுறை வந்தால் பட்டியல், ஒருமுறை வந்தால் வெறும் எழுத்துச்சரம். பல ஆசிரியர் நூல்களை வைத்துச் சோதித்துவிட்டு, தனி ஆசிரியர் நூலைக் கொடுத்தால் கூத்துதான். நான் பார்த்த ஒரு பழைய புரோகிராம் ஔவையாரை ஏழு புலவர்களாக்கியிருந்தது: ஔ, வ, ை, ய, ா, ர, ். பட்டியல் என்று நம்பி எழுத்துச்சரத்தின் மேல் சுற்றியிருக்கிறது. இந்தப் பிழையாவது கண்ணுக்குத் தெரியும், சிரித்துவிட்டுத் திருத்தலாம். இரண்டாவது பெயர் விழுந்துபோவதில்தான் சத்தமே இல்லை. புரோகிராம் நிற்காது, எச்சரிக்கை வராது. நூல் பட்டியலில் இருக்கும், தலைப்பு சரியாக இருக்கும். இணையாசிரியரின் பெயரைப் போட்டுத் தேடுகிறவருக்கு மட்டும் எதுவும் கிடைக்காது. பல மொழிபெயர்ப்பாளர்கள் சேர்ந்து செய்த தொகுப்பு என்றால், முதல் ஆளைத் தவிர மற்ற எல்லோரும் எழுதாதவர்கள் ஆகிவிடுவார்கள்.

அதனால் நான் எழுதும் புரோகிராம்களில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். திரும்ப வரக்கூடிய எந்த எலிமெண்ட்டையும் எப்போதும் பட்டியலாகவே வாங்குவது. ஒன்று இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும். கோப்பில் வந்த வரிசையையும் கலைப்பதில்லை, ஏனென்றால் பெயர்களின் வரிசையை யாரோ யோசித்துத்தான் வைத்திருப்பார்கள். பெயரை டேக்குக்குள்ளே பண்பாக எழுதுவதும் இல்லை. ஒரே பெயருள்ள பண்பு ஒரு டேக்கில் இரண்டு முறை வந்தால் அது எக்ஸ்எம்எல்லே கிடையாது, பார்சர் அங்கேயே நின்றுவிடும். கடைசியாக, கோப்பில் எத்தனை 'புலவர்' இருந்தார்கள், என் பட்டியலுக்கு எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்று இரண்டையும் எண்ணிப் பார்க்கிறேன். எண்ணிக்கை இடித்தால் அன்றைக்கு வேறு வேலை பார்ப்பதில்லை.