சுவர் இருக்குன்னு மீனுக்குத் தெரியுமா?

ஐப்பசி, கார்த்திகையில் வல்லக்கோட்டைப் பக்கம் ஏரி நிரம்பி கலங்கல் போனால் அங்கே ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிடும். ஒரகடத்தில் ஷிப்ட் முடித்த பையன்கள் கம்பெனி சட்டையோடு பைக்கை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். கையில் வலையோடு நாலைந்து பேர் இறங்கி நிற்பார்கள். விழுகிற தண்ணீரை எதிர்த்துக் கெண்டைகள் துள்ளும், சுவரில் மோதி விழும், மறுபடி துள்ளும். போன வருஷம் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் சொன்னார்: "மேல போயி முட்டை போடணும் தம்பி, அதான் இந்தப் பாடு. நடுவுல சுவர் இருக்குன்னு அதுக்குத் தெரியுமா?"

ஏறத்தாழ 150 வருஷத்துக்கு முன்னால் இதே விஷயத்தை அரசாங்க அறிக்கையாக எழுதிய ஒருவர் இருந்தார். பிரான்சிஸ் டே.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் 1829இல் பிறந்தவர். 1852இல் மதராஸ் ராணுவத்தில் மருத்துவராகச் சேர்ந்தார். வேலை வைத்தியம், பித்து மீன் மேல். கொச்சியில் இருந்தபோது சந்தையிலும் ஆற்றிலும் கிடைத்ததையெல்லாம் சேகரித்து, 1865இல் மலபார் மீன்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இன்று மீன்தொட்டிக் கடைகளில் 'மிஸ் கேரளா' என்று விற்கிற சிவப்புக் கோட்டு மீனுக்கு முதலில் அறிவியல் பெயர் வைத்தவரும் அவர்தான். அப்போதைய மதராஸ் கவர்னர் டெனிசனின் பெயரை அதற்குச் சூட்டினார். அதே 1860களில் இங்கிலாந்து மீன்களை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றதும் அவரே. உள்ளூர் மீனை நேசித்தவர், வெளிமீனை இங்கே விடுவதில் ஒரு தவறும் பார்க்கவில்லை. அந்தக் காலத்துப் புத்தி அப்படி.

இதுவரை இது ஒரு சேகரிப்பாளரின் கதை. ஆறு அதை மாற்றியது.

ஆர்தர் காட்டன் 1830களில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் கட்டினார். தஞ்சை வயல்களுக்குத் தண்ணீர் உறுதியானது. ஆனால் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறிவரும் உல்லம் மீனுக்கு வழி மறிக்கப்பட்டது. உல்லம் என்றால் வங்காளிகள் உயிரை விடுகிற ஹில்சாதான். அணைகள் மீன்களைத் தடுக்கின்றனவா என்று ஆராயும் பொறுப்பு 1860களின் இறுதியில் டேயிடம் வந்தது. தடுக்கின்றன என்றார் அவர். அணைகளில் மீன் ஏற வழி விடவேண்டும் என்றார்.

1871இல் இந்தியாவின் மீன்வளத் தலைமை ஆய்வாளர் ஆனார். அங்கே அவர் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. மாவட்ட அதிகாரிகளுக்கும் தாசில்தார்களுக்கும் கேள்விப் பட்டியல் அனுப்பினார். மீன் குறைந்திருக்கிறதா? வலைக்கண் எவ்வளவு சின்னது? வயலில் ஏறும் குஞ்சுகளைப் பிடிக்கிறார்களா? வந்த பதில்களைத் தொகுத்து 1873இல் இந்திய, பர்மிய நன்னீர் மீன்வளம் பற்றிய அறிக்கையாக வெளியிட்டார். அதில் குற்றவாளிகள் இரண்டு தரப்பு: ஒன்று அணை, இன்னொன்று சின்னக் கண் வலை, விஷம், குஞ்சு மீன் பிடிப்பு. அதாவது அரசாங்கத்தின் பொறியாளரும் ஏழை மீனவரும்.

பிறகு 1875–78இல் 'இந்தியாவின் மீன்கள்'. படங்களோடு, தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளின் வழக்குப் பெயர்களோடு. அந்தப் பெயர்களை அவருக்குச் சொன்ன வலைக்காரர்களின் பெயர்தான் எங்கும் இல்லை. பிரிட்டிஷ் மியூசியத்தின் குந்தருடன் அவருக்குத் தீராத பகை. 1883இல் தன் சேகரிப்பின் பெரும் பங்கை சிட்னி மியூசியத்துக்கு விற்றுவிட்டார். 1889இல் வந்த அவருடைய கடைசித் தொகுதிகளில் 1,418 இனங்கள். அதே வருஷம் ஜூலை 10இல் இறந்தார்.

எட்டு வருஷம் கழித்து இந்திய மீன்வளச் சட்டம், 1897 வந்தது. வெடி போடக்கூடாது, விஷம் கலக்கக்கூடாது. வலைக்கண் அளவுக்கு மாகாண அரசுகள் விதி போடலாம். நியாயமான சட்டம்தான். ஆனால் டே சொன்ன இரண்டு குற்றவாளிகளில் ஒருவர் மட்டுமே அதில் இருக்கிறார். அணையில் மீனுக்கு வழி வைக்கவேண்டும் என்று ஒரு வரி இல்லை. கரையில் நிற்பவனைப் பிடிப்பது சுலபம், இல்லையா?

மதராஸ் மீன்வளத் துறை பின்னர் கீழணையில் உல்லத்தைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைத்துப் பார்த்தது. 1934இல் மேட்டூர் அணை வந்தது. காவிரியில் உல்லம் ஏறிய காலம் முடிந்தது.

பிரச்சினையைத் தீர்க்காமலே தாண்டிப் போகவும் ஒரு வழி கிடைத்தது. 1957இல் ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில் ஹீராலால் சௌத்ரி, கெண்டை மீன்களுக்குப் பிட்யூட்டரிச் சாறு ஊசி போட்டு, தேங்கிய நீரிலேயே முட்டையிட வைத்தார். ஓடும் ஆறு இல்லாமலே மீன்குஞ்சு! அந்த நாளும் ஜூலை 10. தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். கோடிக்கணக்கானவர்களின் தட்டில் மீன் வந்தது இதனால்தான், அதைக் குறைசொல்ல மாட்டேன். கங்கைக் கரையின் கட்லாவும் ரோகுவும் தமிழ்நாட்டு ஏரிகளில் குஞ்சாக விடப்பட்டு, வளர்ந்து, ஏலம் போகின்றன. அவை எங்கும் ஏறவேண்டியதில்லை. ஏறவேண்டிய மீன்களைப் பற்றிக் கேட்கவும் ஆளில்லாமல் போனது.

நானும் பொறியியல் படித்தவன்தான். தண்ணீர் எவ்வளவு தேங்கும், எவ்வளவு வழியும் என்று கணக்குப் போடுகிற புத்திதான் எனக்கும். கலங்கலைக் கான்கிரீட்டில் செங்குத்தாகக் கட்டினால் அந்தக் கணக்கு சரியாகவே வரும். கீழ்ப்புறத்தில் கற்களைச் சரிவாக அடுக்கினாலும் சரியாக வரும். கூடவே கெண்டையும் ஏறும். இந்த ஐப்பசியிலும் அது வந்து முட்டிப் பார்க்கும்.