ஓசூர்ப் பகுதியில் குளியல் வெந்நீர்: அண்டாவிலிருந்து கீசர் வரை

ஓசூர், கர்நாடக எல்லையை ஒட்டிக் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. மார்கழிக் காலையில் இங்குத் தொட்டித் தண்ணீரில் கை வைப்பதே கடினம். ஆகவே வெந்நீர் இப்பகுதியில் ஆடம்பரமாகக் கருதப்பட்டதில்லை.

பழைய வீடுகளில் குளியலறை மூலையில் அடுப்புக் கட்டி, அதன்மேல் செப்பு அண்டாவைப் பதித்திருப்பர். கன்னடம் பேசும் வீடுகளில் அதற்கு ஹண்டெ என்று பெயர். தென்னை மட்டை, சுள்ளி, பட்டு வளர்ப்போர் வீடுகளில் இலை கழித்த மல்பெரிக் குச்சி ஆகியவை எரிபொருளாயின. கொதிநீரை வாளியில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, கைவிட்டுப் பார்த்த பின்னரே குளிப்பர். இதனை விளாவுதல் என்பர். அழகான சொல், இன்றைய ஷவர் குழப்பத்தின் மூலமும் இதுவே. வாளியில் கண்முன் நடந்த விளாவல் இப்போது குழாய்க்குள் நடக்கிறது.

கீசர் என்னும் பெயர் ஐஸ்லாந்து நாட்டு வெந்நீர் ஊற்று ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. 1868இல் இலண்டனில் பெஞ்சமின் வாடி மாகன், எரிவாயுவால் நீரைச் சூடாக்கும் தம் கருவிக்கு அப்பெயரிட்டார். அதில் புகைபோக்கி இல்லை. மூடிய குளியலறையில் எரிவாயு முழுமையாக எரியாவிட்டால், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உண்டாகும். குளிப்பவர் அறியாமலே மயங்கிவிடுவார். காஸ் கீசரால் இத்தகைய மரணங்கள் நம் நாட்டில் இன்றும் நேர்கின்றன. கருவியைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் பொருத்துவதே முறை.

1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. 1980இல் அசோக் லேலண்ட் ஆலை இங்கு வந்தது. டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்ததும் அவ்வாண்டே. ஷிப்டுக்குப் புறப்படுபவருக்கு விறகு மூட்ட நேரமில்லை. வாடகை வீட்டில் இடமுமில்லை. மின் கீசர் பரவியது.

புதுக் கீசர் வைத்தும் ஷவரில் சூடு நிலைக்கவில்லை என்ற குறை பரவலானது. சிறிய உடனடி கீசரின் திறன் பெரும்பாலும் 3 கிலோவாட். நிமிடத்திற்கு 3 லிட்டர் ஓடினால் அது நீரைச் சுமார் 14 டிகிரி செல்சியஸ் மட்டுமே சூடேற்றும். 6 லிட்டர் ஓடினால் 7 டிகிரிதான். 18 டிகிரி நீர் 25 டிகிரியாக வந்தால் யார் குளிப்பது? கீசரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஓட்டத்தைக் குறைக்க வேண்டும்.

பெரிய தொட்டிக் கீசரில் சிக்கல் வேறு. பச்சைத் தண்ணீர் பம்ப் அழுத்தத்திலும் வெந்நீர் மேல்தொட்டி அழுத்தத்திலும் வந்தால், வலுவான பக்கம் மற்றதைத் தள்ளிவிடும். அடுக்களையில் யாராவது குழாயைத் திறந்தால் ஷவர் திடீரெனச் சுடும். 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலைப் புண்ணாக்கும்; குழந்தைகளுக்கும் முதியோருக்கும் இன்னும் விரைவில். இரு குழாய்களுக்கும் ஒரே தொட்டியிலிருந்து நீர் விடுவதும், பின்னோட்டம் தடுக்கும் வால்வு வைப்பதும் இதற்குத் தீர்வு.

ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் சூடேறும்போது கால்சியம் கார்பனேட் வெண்படிவமாகக் கம்பிச்சுருளில் படியும். சூடு நீருக்கு மெதுவாகவே சேரும். ஷவர்த் துளைகளும் அடையும்.

அண்மைக் காலத்தில் மொட்டைமாடிகளில் சூரிய வெந்நீர்க் கலங்கள் பெருகியுள்ளன. அவற்றில் குழாயில் தேங்கிய ஆறிய நீரே முதலில் வரும். சிக்கனமான வீடுகளில் அதை வீணாக்காமல் வாளியில் பிடித்து, பின்னால் வரும் சுடுநீருடன் விளாவிக்கொள்கின்றனர்.